நாற்பத்தைந்தாவது இடத்தை எப்படி வாசிப்பது? – ஆரிஃப் கான் பற்றி ஒரு குறிப்பு

முதலில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம். 2022 பிப்ரவரியில் எங்கள் பள்ளி நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரர், காஷ்மீர்க்காரர், பனிச்சறுக்கில் 45வது இடம். கீழே தேசியக் கொடிகளும் கைதட்டல்களும் வரிசையாக. நான் உடனே ஒரு வரி தட்டினேன்: "45வது இடத்துக்கு இவ்ளோ கைதட்டலா? அப்ப நம்ம செட்டுல 44 பேருக்கு அப்புறம் வந்தவனுக்கும் மாலை போடணும்." பத்துப் பன்னிரண்டு சிரிப்புப் பொம்மைகள் விழுந்தன. அத்தோடு மறந்துவிட்டேன்.

நெய்வேலியில் உட்கார்ந்துகொண்டு பனியைப் பற்றிக் கிண்டலடிப்பது சுலபம். எங்கள் ஊரில் மலை என்றால் சுரங்கத்தில் தோண்டிக் கொட்டிய மண்மேடுதான். மார்கழிக் காலைப் பனியில் வட்டத்துத் தெருவிளக்கு மங்கலாகத் தெரிந்தால், "என்னா பனி!" என்று சொல்லி மஃப்ளர் சுற்றிக்கொள்கிற ஊர். சறுக்குக்கட்டையை நான் நேரில் பார்த்ததே இல்லை.

பிறகு ஒருநாள் வேறு எதையோ தேடும்போது அந்தப் போட்டியின் முடிவுப் பட்டியல் கண்ணில் பட்டது. அதை வாசிக்க ஆரம்பித்ததும் என் ஒருவரிக் கிண்டல் தப்பு என்று தெரிந்தது. ஆச்சரியம் என்னவென்றால், கைதட்டியவர்கள் சொன்ன காரணங்களும் பெரும்பாலும் தப்புதான். இந்தப் பதிவு அந்த இரண்டு தப்புகளையும் பற்றியது. பெய்ஜிங்கில் முடிந்த ஒரு கட்டத்தை மட்டும்தான் எடுத்துக்கொள்கிறேன்.

நடந்தது என்ன?

முகமது ஆரிஃப் கான், குல்மார்க்கை ஒட்டிய தங்மார்க் பகுதிக்காரர். அப்பா குல்மார்க்கில் சறுக்கு உபகரணக் கடையும் சுற்றுலாத் தொழிலும் நடத்தியவர். நாலு வயதில் சறுக்கத் தொடங்கியதாகச் சொல்கிறார்கள். 2011இல் உத்தராகண்டில் நடந்த தெற்காசியக் குளிர்கால விளையாட்டில் ஸ்லாலம், ஜயண்ட் ஸ்லாலம் இரண்டிலும் தங்கம். அதற்குப் பின் பல உலக சாம்பியன்ஷிப்களில் கலந்துகொண்டார். 2018 பியோங்சாங் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற முயன்று, கடைசிக் கட்டப் பந்தயங்களுக்குப் போகப் பணம் இல்லாமல் தவறவிட்டார். 2022 பெய்ஜிங்குக்குத் தகுதி பெற்றபோது வயது 31.

பிப்ரவரி 13 அன்று யான்சிங் மலையில் ஜயண்ட் ஸ்லாலம். இதில் ஒரே நாளில் இரண்டு ஓட்டங்கள். மலைச்சரிவில் நட்டிருக்கும் கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்க வேண்டும். ஒரு கம்பத்தைத் தவறவிட்டாலும் வெளியே. இரண்டாம் ஓட்டத்துக்குக் கம்பங்களை மாற்றி நடுவார்கள். இரண்டு நேரங்களையும் கூட்டி வரிசைப்படுத்துவார்கள். அன்றைக்கு உண்மையான பனி கொட்டித் தீர்த்தது. கண்ணுக்கு எதுவும் தெரியாமல் இரண்டாம் ஓட்டம் தள்ளிப்போனது. புறப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் முடிக்கவே இல்லை. ஆரிஃப் முடித்தார். 45வது. மூன்று நாள் கழித்து ஸ்லாலம். அதில் முதல் ஓட்டத்திலேயே கம்பத்தைத் தவறவிட்டு வெளியேறினார்.

கைதட்டியவர்களின் கணக்கு

அந்த வாரத்துச் செய்திகளை எடுத்துப் பார்த்தால் மூன்று வாக்கியங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, "140 கோடிப் பேரின் ஒற்றைப் பிரதிநிதி." இரண்டு, "ஒரே குளிர்கால ஒலிம்பிக்கில் இரண்டு பிரிவுகளுக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியர்." மூன்று, "பனியில்லாத நாட்டிலிருந்து பனிமலைக்கு."

இரண்டாவதை முதலில் பார்ப்போம். இதில் பூட்டு "தகுதி பெற்ற" என்ற சொல்லில் இருக்கிறது. 2006 டூரினில் நேஹா அஹுஜா ஸ்லாலம், ஜயண்ட் ஸ்லாலம் இரண்டிலும் இறங்கியிருக்கிறார். இன்னும் பின்னால் போனால், 1964இலும் 1968இலும் இந்தியாவுக்காக ஆல்பைன் சறுக்கில் இறங்கிய ஜெரமி புஜகோவ்ஸ்கி என்ற, போலந்தில் பிறந்த மனிதர் இருக்கிறார். குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் கணக்கே அவரிலிருந்துதான் ஆரம்பம். 1988 கால்கரியில் ஷைலஜா குமார், குளிர்கால ஒலிம்பிக்கில் இறங்கிய முதல் இந்தியப் பெண். ஆக, இடஒதுக்கீட்டு விதிகளின் நுணுக்கத்தை வைத்து வேண்டுமானால் ஆரிஃபை "முதல்" என்று சொல்லலாம். ஆனால் செய்தி வாசிக்கிறவர் மனதில் பதிவது, இவருக்கு முன்னால் யாருமே இரண்டு பந்தயம் ஓடியதில்லை என்பதுதான். ஒருவரை "முதல்வர்" ஆக்கும் அவசரத்தில் முன்னால் போனவர்களை அழித்துவிடுகிறோம்.

மூன்றாவது இன்னும் மோசம். இமயமலையை வைத்திருக்கிற நாட்டைப் போய் பனியில்லாத நாடு என்று சொல்வதா? நெய்வேலியிலிருந்து ஒருத்தர் போயிருந்தால் சரி. குல்மார்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர். அங்கிருந்து கேபிள் கார் 3,900 மீட்டருக்கு மேலே கொண்டுபோய் விடுகிறது. பனியே இல்லாத நாடு என்று சொல்லிவிட்டால், பனி இருந்தும் ஏன் இந்த நிலை என்ற கேள்வி வராது. அந்தப் புகழ்ச்சியின் வேலையே அதுதானோ என்று எனக்குச் சந்தேகம்.

முதல் வாக்கியம், "140 கோடியின் ஒற்றைப் பிரதிநிதி." இதில் இன்னொரு வேடிக்கையும் இருந்தது. கல்வான் மோதலில் பங்கேற்ற சீன ராணுவ அதிகாரியை ஜோதி ஏந்த வைத்ததைக் கண்டித்து இந்தியா அந்த ஒலிம்பிக்கின் தொடக்க, நிறைவு விழாக்களை ராஜதந்திர ரீதியில் புறக்கணித்தது. தூர்தர்ஷன் அவற்றை நேரலை செய்யவில்லை. அரசியல் நிலைப்பாடு சரியா தவறா என்பது வேறு விவாதம். ஆனால் 140 கோடிப் பேரின் பிரதிநிதி கொடி பிடித்து நடந்தபோது, பொதுத் தொலைக்காட்சியில் அந்தக் காட்சி இல்லை. பிரதிநிதித்துவம் என்ற பாரத்தைத் தூக்கி அவர் தலையில் வைத்துவிட்டு நாம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

கிண்டலடித்தவனின் கணக்கு

இப்போது என் பக்கம் வருகிறேன். கிண்டலுக்கும் ஒரு கணக்கு உண்டு. அதை ஒழுங்காகப் போட்டுப் பார்ப்போம்.

தங்கம் வென்ற சுவிட்சர்லாந்தின் மார்கோ ஓடர்மாட்டின் மொத்த நேரம் 2 நிமிடம் 9.35 விநாடி. ஆரிஃபின் நேரம் 2 நிமிடம் 47.24 விநாடி. வித்தியாசம் 37.89 விநாடி. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே இருந்தது 0.19 விநாடி என்பதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சதவீதத்தில் சொன்னால் ஆரிஃப் எடுத்துக்கொண்டது வென்றவரைவிட 29 சதவீதம் அதிகம். புரிகிற மாதிரிச் சொல்லணும்னா, 100 மீட்டர் ஓட்டத்தில் முதல் ஆள் 9.8 விநாடியில் முடிக்கும்போது 12.7 விநாடியில் வருவது போல. மாவட்ட அளவில் ஓடுகிற பையன்கள் இதைவிட வேகமாக ஓடுவார்கள். இதை மறைக்க வேண்டியதில்லை. விமர்சனம் என்றால் இந்த எண்ணை மேசை மேல் வைத்துத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

ஆனால் இந்த ஒப்பீட்டில் ஓட்டை இருக்கிறது. 100 மீட்டரில் எட்டுப் பேருக்கும் ஒரே தடம், ஒரே நிமிடம். பனிச்சறுக்கில் ஒருவர் பின் ஒருவராக இறங்குகிறார்கள். தரவரிசையில் மேலே இருப்பவர்கள் முதலில் இறங்குவார்கள். அவர்கள் கட்டையின் விளிம்பு ஒவ்வொரு வளைவிலும் பனியைச் செதுக்கிக்கொண்டே போகும். ஐம்பது அறுபது பேர் போன பிறகு அந்த வளைவுகள் பள்ளமும் மேடுமாக, மழைக்காலத்தில் மண் லாரி போன சாலை மாதிரி ஆகிவிடும். அன்றைக்கு மேலே பனியும் கொட்டிக்கொண்டிருந்தது. பின்னால் இறங்குகிறவரின் நேரத்தில் அவருடைய திறமைக்குறைவு எவ்வளவு, தடத்தின் கோளாறு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

பிரிக்க முடிந்த ஒன்று இருக்கிறது. இரண்டு ஓட்டங்களையும் தனித்தனியாகப் பார்ப்பது.

முதல் ஓட்டம்: ஓடர்மாட் 1:02.93, ஆரிஃப் 1:22.35. இடைவெளி 19.42 விநாடி. கிட்டத்தட்ட 31 சதவீதம்.

இரண்டாம் ஓட்டம்: ஓடர்மாட் 1:06.42, ஆரிஃப் 1:24.89. இடைவெளி 18.47 விநாடி. கிட்டத்தட்ட 28 சதவீதம்.

பனி கொட்டி, போட்டி தள்ளிப்போய், உலகின் சிறந்தவருக்கே மூன்றரை விநாடி கூடுதலாக எடுத்த ஓட்டத்தில், ஆரிஃபுக்குக் கூடியது இரண்டரை விநாடிதான். முதல் ஓட்டத்தில் 53வது, முடிவில் 45வது. இந்த முன்னேற்றத்தில் பெரும்பங்கு மற்றவர்கள் விழுந்ததால் வந்தது. ஆனால் இடைவெளி சுருங்கியது அவருடையது. நான் படித்த எந்தப் பாராட்டுச் செய்தியிலும் இந்த எண் இல்லை. என் கிண்டலிலும் இல்லை. இரண்டு தரப்பும் பட்டியலில் ஒரே ஒரு கட்டத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறோம்.

160 என்ற வாசல்

சரி, 29 சதவீதம் பின்தங்கும் ஒருவர் ஒலிம்பிக்குக்கு எப்படிப் போக முடிந்தது? குறுக்கு வழியா? இல்லை. இங்கேதான் விஷயம் சுவாரசியம்.

சர்வதேச ஸ்கீ சம்மேளனம் ஒவ்வொரு பந்தயத்திலும் புள்ளி போடும். நம் ஊர் மதிப்பெண்ணுக்கு நேர்மாறு. குறைவாக இருந்தால் நல்லது, உலகின் முதல் ஆளுக்குப் பூஜ்ஜியம். கணக்கு எளிது: வென்றவரைவிட எத்தனை பங்கு அதிக நேரம் எடுத்தீர்களோ, அதை ஒரு நிலை எண்ணால் பெருக்க வேண்டும். அந்தப் பருவத்தில் ஜயண்ட் ஸ்லாலத்துக்கு அந்த எண் 1010. ஸ்லாலத்துக்கு 730. அதன்மேல், அந்தப் பந்தயத்துக்கு வந்தவர்களின் தரத்தைப் பொறுத்து ஒரு அபராதப் புள்ளி கூட்டுவார்கள். பெரிய ஆட்கள் வந்தால் அபராதம் குறைவு. உள்ளூர் ஆட்கள் மட்டும் வந்தால் அதிகம். ஊருக்குள்ளேயே போட்டி வைத்து ஊருக்குள்ளேயே ராஜா ஆகிவிடக் கூடாது என்பதற்காக.

பெரிய வீரர்கள் இல்லாத நாடுகளுக்கு ஒலிம்பிக்கில் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று அடிப்படை இடம் உண்டு. பெய்ஜிங்குக்கு அந்த வாசலின் உயரம் 160 புள்ளி, சிறந்த ஐந்து முடிவுகளின் சராசரி. 160ஐ 1010ஆல் வகுத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட 16 சதவீதம். அதாவது ஓடர்மாட்டின் அன்றைய நேரத்தை வைத்துச் சொன்னால், அவரைவிட 20 விநாடி மெதுவாக வருகிறவரும் உள்ளே வரலாம் என்று விதியே சொல்கிறது. தெரிந்தேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். பனிச்சறுக்கு ஆல்ப்ஸ் மலைக்காரர்களின் குடும்ப விழாவாக மட்டும் முடிந்துவிடக் கூடாது என்பது நோக்கம். ஆகவே "இவரெல்லாம் எப்படி ஒலிம்பிக்குக்கு?" என்ற கேள்வி விதியைப் படிக்காதவன் கேட்கிற கேள்வி. நான் கேட்டேன்.

அதே சமயம் இதையும் சொல்லணும். பெய்ஜிங்கில் அவர் ஓட்டத்துக்கு அதே சூத்திரத்தைப் போட்டால் வருவது சுமார் 296. வாசலின் உயரம் 160. ஐந்து நல்ல நாட்களின் சராசரியை ஒரே ஒரு கெட்ட வானிலை நாளோடு ஒப்பிடுவது நியாயமில்லைதான். ஆனாலும் இடைவெளி பெரிது. கடினமான மலையில், பனிக்கட்டியாக இறுகிய தடத்தில், பெரிய போட்டிகளில் ஓடிய அனுபவம் போதவில்லை என்பதைத்தான் இந்த எண் காட்டுவதாக நான் வாசிக்கிறேன். ஏன் போதவில்லை? அதற்குத் துபாய்க்குப் போக வேண்டும்.

காஷ்மீரிலிருந்து துபாய்க்கு

ஆரிஃப் ஸ்லாலத்துக்கான தகுதியை உறுதி செய்தது 2021 நவம்பரில், துபாயில். நிஜமாகத்தான். ஒரு பேரங்காடியோடு ஒட்டிக் கட்டிய குளிர்சாதனக் கூடம். உள்ளே செயற்கைப் பனி. நீளமான சரிவே 400 மீட்டர்தான். ஜயண்ட் ஸ்லாலம் தகுதி அதன் பிறகு மாண்டினீக்ரோவில்.

இமயமலையில் பிறந்தவர் பாலைவனத்தில் போய்த் தகுதி பெறுகிறார் என்றால் மலைக்கும் விளையாட்டுக்கும் நாம் நினைக்கிற உறவு இல்லை என்று அர்த்தம். புள்ளி கிடைக்க மலை மட்டும் போதாது. சம்மேளனம் ஒப்புக்கொண்ட தடம் வேண்டும், நூறில் ஒரு விநாடி அளக்கும் கருவி வேண்டும், நடுவர் வேண்டும், ஏற்கனவே புள்ளி வைத்திருக்கிற போட்டியாளர்கள் வந்து சேர வேண்டும். இவையெல்லாம் துபாய்க் கூடத்தில் நவம்பரிலேயே தயார்.

தென் அமெரிக்காவைப் பாருங்கள். ஆண்டீஸ் மலை முழுக்கப் பனி. 1966இல் சிலியின் போர்ட்டியோவில் ஆல்பைன் உலக சாம்பியன்ஷிப்பே நடந்தது. நம் ஆடி, ஆவணியில் அங்கே குளிர்காலம் என்பதால் ஐரோப்பிய அணிகள் பயிற்சிக்கு சிலிக்கும் அர்ஜென்டினாவுக்கும்தான் போவார்கள். ஆனாலும் அந்தக் கண்டத்துக் கொடி உலகக் கோப்பைப் பந்தய மேடையில் தெரிய எத்தனையோ காலம் ஆனது. அப்படிக் கவனம் ஈர்த்தவர் யார்? லூக்காஸ் பின்ஹெய்ரோ பிராத்தென். பிரேசில் தாய், நார்வே தந்தை. நார்வே அணியில் வளர்ந்து, அந்த நாட்டுக்காக 2022-23 பருவத்தின் ஸ்லாலம் கோப்பையை வென்று, பிறகு 2024இல் பிரேசில் கொடிக்கு மாறியவர். பிரேசிலில் சறுக்கு மலையே இல்லை! மலை இருக்கிற சிலியைத் தாண்டி மலை இல்லாத பிரேசில் மேடை ஏறியதற்குக் காரணம், அவரை உருவாக்கிய நார்வேயின் ஏற்பாடு. பயிற்சியாளர், மெழுகு போடுகிற ஆள், பத்து வயதிலிருந்து வாராவாரம் பந்தயம். கொடியை விமானத்தில் மாற்றிக்கொள்ளலாம். ஏற்பாட்டை அப்படி மாற்றிக்கொள்ள முடியாது.

ஆரிஃபுக்கு இருந்த ஏற்பாடு என்ன? பொது ஆவணத்தில் இருக்கிற ஒரு எண்: 2022 ஜனவரியில் விளையாட்டு அமைச்சகம் அவரை ஒலிம்பிக் பதக்க மேடைத் திட்டத்தில் சேர்த்து, ஐரோப்பாவில் 35 நாள் பயிற்சிக்காக 17.46 லட்சம் ரூபாய் ஒதுக்கியது. நல்ல விஷயம். ஆனால் தேதியைப் பாருங்கள். ஒலிம்பிக்குக்கு ஒரு மாதம் முன்னால். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் சறுக்கிய ஒருவருக்கு, தகுதி பெற்று முடித்த பிறகு, 35 நாள். பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வந்தபின் டியூஷன் சேர்த்துவிடுவது போல. 2018க்கு முன்னால் இதில் ஒரு பங்கு கிடைத்திருந்தால், 27 வயதில் முதல் ஒலிம்பிக், 31இல் இரண்டாவது என்று ஆகியிருக்கலாம். ஓடர்மாட் பெய்ஜிங்கில் தங்கம் வாங்கும்போது அவருக்கு 24 வயது.

சிவா கேசவனை ஏன் பக்கத்தில் வைக்கிறேன்

ஒருவருடைய விளையாட்டு வாழ்க்கையை ஒரு நாளை வைத்து எடைபோடக் கூடாது என்பதற்கு நம் நாட்டிலேயே ஆதாரம் இருக்கிறது. சிவா கேசவன். மணாலிப் பக்கத்துக்காரர், அப்பா மலையாளி, அம்மா இத்தாலியர். லூஜ் என்கிற, சிறு வண்டியில் மல்லாந்து படுத்துக்கொண்டு பனிக்குழாயில் பாய்கிற விளையாட்டு. 1998 நாகானோவிலிருந்து 2018 பியோங்சாங் வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக். முதல் முறை போனபோது வயது 16. இந்தியாவில் லூஜ் தடம் இல்லாததால் வண்டிக்குச் சக்கரம் மாட்டி, லாரிகளுக்கு நடுவே மலைச்சாலையில் பயிற்சி செய்தவர். 2014 சோச்சியில் இந்திய ஒலிம்பிக் சங்கம் இடைநீக்கத்தில் இருந்ததால் நாட்டுக் கொடிகூட இல்லாமல் போட்டியிட்டார்.

அவருடைய சிறந்த இடம் 2006 டூரினில் 25வது. ஆறு ஒலிம்பிக்கிலும் பதக்கத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. ஆனால் ஆசிய அளவில் தங்கங்கள் வென்றார். 25 என்ற எண்ணை மட்டும் வாட்ஸ்அப்பில் போட்டால் அதற்கும் நான் சிரித்திருப்பேன். ஆறு எண்களையும் ஒன்றாக வைத்து, நடுவில் சக்கரம் வைத்த வண்டியையும் வைத்துப் பார்த்தால் சிரிப்பு வராது.

ஆரிஃப் மீது எனக்கு விமர்சனமே இல்லையா? உண்டு. ஸ்லாலத்தில் முடிக்காமல் வெளியேறியதை "துரதிர்ஷ்டம்" என்று எல்லாரும் தாண்டிப்போனார்கள். கம்பத்தைத் தவறவிடுவது அந்த விளையாட்டின் பாதி. அது அதிர்ஷ்டம் அல்ல. உலகத்தரத் தடத்தில் அடிக்கடி ஓடாதவரிடம் அது அதிகம் எதிர்பார்க்கத்தக்கதே. அதை அப்படியே சொல்வதுதான் அவருக்கு மரியாதை. "துரதிர்ஷ்டம்" என்பது குழந்தைக்குச் சொல்கிற ஆறுதல். அவர் 31 வயது ஆள், தொழில் தெரிந்தவர்.

மேல்மண்

கடைசியாக, இதை நான் ஏன் இவ்வளவு நேரம் கிளறிக்கொண்டிருக்கிறேன் என்பது.

போன வருடம் என் அக்கா மகள் பள்ளி மண்டலப் போட்டியில் 800 மீட்டர் ஓடிவிட்டு வந்தாள். வாசலில் ஷூவைக் கழற்றும்போதே கேட்டேன்.

"எத்தனாவது?"

"ஏழாவது மாமா."

"எத்தனை பேர்ல?"

"எட்டு பேர்ல."

நான் சிரித்தேன். கெட்ட எண்ணத்தில் இல்லை. நம் வீடுகளில் எல்லாரும் சிரிக்கிற சிரிப்புதான். எத்தனாவது ரேங்க் என்று கேட்டுத்தானே வளர்ந்தோம். அவள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு மைதானத்துக்குப் போவது குறைந்ததாக அக்கா ஒருநாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த முடிவுப் பட்டியலை வாசித்த வாரம்தான் அவளைக் கூப்பிட்டு, "அன்னைக்கு எவ்ளோ நேரத்துல ஓடுன?" என்று கேட்டேன். ஒரு நோட்டை எடுத்து வந்தாள். பின்பக்க அட்டையில் தேதி போட்டு வரிசையாக எழுதி வைத்திருந்தாள். ஜூனில் 3 நிமிடம் 12 விநாடி. போட்டி அன்று 3 நிமிடம் 1 விநாடி. பதினோரு விநாடி. நான் கேட்ட இரண்டு கேள்விக்கும் அவள் உண்மையைத்தான் சொன்னாள். அந்த மூன்றாவது கேள்வியை நான் கேட்கவே இல்லை.

நெய்வேலியில் பிறந்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் ஒரு டன் பழுப்பு நிலக்கரியைத் தொடுவதற்கு முன்னால் ஐந்து கனமீட்டருக்கு மேல் மேல்மண்ணை அகற்றியாக வேண்டும். அடியில் அழுத்தத்தோடு நிற்கிற ஊற்றுநீரை இரவும் பகலும் பம்புகள் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பம்பு நின்றால் சுரங்கத்துக்குள் தண்ணீர் பீறிட்டு வந்துவிடும். வெளியூர்க்காரர்களுக்குத் தெரிவது மின்விளக்கு. உள்ளூர்க்காரனுக்குத் தெரிவது மண்மேடு. விளையாட்டைப் பார்க்கும்போது மட்டும் நானும் வெளியூர்க்காரனாகி, வெளிச்சம் வந்ததா இல்லையா என்று மட்டும் கேட்டேன்.

45வது இடம் சாதனையா? பதக்கக் கணக்கில் இல்லை. அவமானமா? அதுவும் இல்லை. அது ஒரு அளவு. ஒரு மனிதர் எவ்வளவு தூரம் தனியாக வர முடியும் என்பதற்கும், மீதித் தூரத்துக்கு ஒரு நாடு என்ன செய்யவில்லை என்பதற்கும் சேர்த்து எடுத்த அளவு. கைதட்டினால் அந்த இரண்டாம் பாதி மறைந்துவிடுகிறது. கிண்டலடித்தால் முதல் பாதி மறைந்துவிடுகிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்க ஒரு பட்டியலும் பத்து நிமிடமும் போதும்.

வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பழைய வரியைத் தேடிப் பார்த்தேன். இன்னும் இருக்கிறது. அழிக்க முடியாத அளவுக்குப் பழசாகிவிட்டது. அதற்குப் பதில் எழுதுவது போல இரண்டு ஓட்டங்களின் நேரத்தையும் போட்டேன். 19.42, 18.47. யாருக்கும் புரியவில்லை. ஒருவன் மட்டும், "என்னடா இது, பெட்ரோல் விலையா?" என்று கேட்டான்.

அக்கா மகளிடம் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்தாள்.

"ரெண்டாவது தடவ கிட்ட வந்துட்டாரு, இல்ல மாமா?"

ஆமாம் என்றேன்.